மூக்கின் மேல் கரும்புள்ளிகள்: தேய்த்தால் போகாது, பொறுத்தால் போகும்!

‘முகத்தை ஒழுங்கா தேய்ச்சுக் கழுவினாத்தானே இதெல்லாம் போகும்?’

மூக்கின் மேலும் தாடையிலும் கரும்புள்ளிகளோடு நிற்கும் டீன் ஏஜ் பிள்ளைகளிடம் பல வீடுகளில் சொல்லப்படும் வாசகம் இது. அம்மாவோ, அத்தையோ, பாட்டியோ அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால், கேட்கும் பிள்ளைக்கு ‘நீ சுத்தமாக இல்லை’ என்றுதான் காதில் விழுகிறது. அன்று மாலையே பாத்ரூம் கதவைத் தாழிட்டுக்கொண்டு, நாரோ ஸ்க்ரப்போ கையில் கிடைத்ததை வைத்து மூக்கைத் தேய் தேய் என்று தேய்க்கிறது. மறுநாள் மூக்கு சிவந்திருக்கும். கரும்புள்ளிகள் அப்படியே இருக்கும்.

காரணம் எளிது. கரும்புள்ளி அழுக்கே இல்லை.

கருமை எங்கிருந்து வருகிறது?

நம் சருமத்தில் உள்ள நுண்ணிய துவாரங்கள் ஒவ்வொன்றின் அடியிலும் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அது சுரக்கும் ‘சீபம்’ என்ற எண்ணெய்தான் சருமத்தை வறண்டு போகாமல் காக்கிறது. நெற்றி, மூக்கு, தாடை ஆகிய இடங்களில் இந்தச் சுரப்பிகள் அதிகம். பருவ வயதில் ஹார்மோன்களின் தூண்டுதலால் எண்ணெய் கூடுதலாகச் சுரக்கும். அதோடு, துவாரத்தின் உள்சுவரிலிருந்து உதிரும் இறந்த செல்களும் சேர்ந்து கெட்டியாகி, பாட்டிலில் அடைத்த கார்க் மாதிரி துவாரத்தை அடைத்துக்கொள்கின்றன.

அடைப்பின் வாய் சருமத்தால் மூடியிருந்தால் அது வெண்புள்ளி, அதாவது வொயிட்ஹெட். வாய் திறந்திருந்தால் உள்ளே இருக்கும் எண்ணெயும், சருமத்துக்கு நிறம் தரும் மெலனினும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கருக்கின்றன. நறுக்கி வைத்த வாழைக்காய் காற்றுப்பட்டுக் கருப்பதைப் பார்க்கிறோமே, கிட்டத்தட்ட அதைப்போலத்தான். அதுவே கரும்புள்ளி, பிளாக்ஹெட்.

அடைப்பு துவாரத்துக்கு உள்ளே இருக்கிறது. கருத்திருப்பது அதன் நுனி மட்டுமே. ஆகவே, மேலே எவ்வளவு தேய்த்தாலும் சருமம்தான் தேயுமே தவிர, அடைப்பு நகராது. நாளைக்குப் பத்து முறை முகம் கழுவுகிறவர்களுக்கும் கரும்புள்ளி வரும். இதை வீட்டில் உள்ள பெரியவர்கள் முதலில் புரிந்துகொண்டால், பிள்ளைகளின் பாதி மனக்கஷ்டம் தீர்ந்துவிடும்.

அது கரும்புள்ளிதானா?

கண்ணாடியை மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவர்களுக்கு வரிசையாக, ஒரே அளவில், சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறத்தில் நுண்புள்ளிகள் தெரியும். இவற்றைக் கரும்புள்ளி என்று நினைத்துத்தான் பலரும் பிதுக்குகிறார்கள். உண்மையில் இவை ‘செபேஷியஸ் ஃபிலமென்ட்’ எனப்படும் எண்ணெய் இழைகள். சுரப்பியிலிருந்து எண்ணெய் மேலே வர உதவும் இயல்பான அமைப்பு. பிதுக்கினால் மெல்லிய புழு மாதிரி வெள்ளையாக வரும். சுமார் ஒரு மாதத்துக்குள் மறுபடி நிரம்பிவிடும். இது நோயும் இல்லை, குறையும் இல்லை. விட்டுவிடுவதே நல்லது.

கரும்புள்ளி அப்படி வரிசையாக இருக்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாக, கருப்பாகவோ அடர் பழுப்பாகவோ, தடவினால் சற்றே மேடாகக் கையில் தட்டுப்படும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பரு ஆறிய இடத்தில் தங்கும் கருமையையும் நாம் ‘கரும்புள்ளி’ என்றே சொல்கிறோம். அது அடைப்பு அல்ல. சருமத்தில் படிந்த நிறம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. இந்தக் கட்டுரையில் கரும்புள்ளி என்பது பிளாக்ஹெட்டை மட்டுமே குறிக்கும். மற்றதைக் கருந்தழும்பு என்றே சொல்வோம்.

மாநிறத்துக்கு வேண்டும் கூடுதல் நிதானம்

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து நாமும் அப்படியே செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளிர் நிறத்தவர்களின் சருமத்தில் காயமோ எரிச்சலோ ஏற்பட்டால் பெரும்பாலும் சில நாட்கள் சிவந்திருந்து மறையும். நம்மைப்போல மாநிறம், கறுப்பு நிறம் கொண்டவர்களின் சருமத்தில் மெலனின் அதிகம். சிறிய எரிச்சல் ஏற்பட்டாலும், சருமம் தன்னைக் காத்துக்கொள்ள அந்த இடத்தில் கூடுதல் மெலனினைக் கொட்டும். விளைவு, கருந்தழும்பு. அது மறையப் பல மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும்.

அதாவது, அருகில் வந்து பார்த்தால் மட்டுமே தெரியும் ஒரு புள்ளியை அவசரப்பட்டு நீக்கப்போய், எதிர் வரிசையில் நிற்பவருக்கும் தெரியும் திட்டை வாங்கிக்கொள்கிறோம். கரும்புள்ளி விஷயத்தில் உண்மையான ஆபத்து கரும்புள்ளியில் இல்லை. அதை நீக்கும் அவசரத்தில்தான் இருக்கிறது.

இவற்றையெல்லாம் முகத்தில் போடாதீர்கள்

எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும்: நம் சருமத்தின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.ஹெச் அளவு சுமார் 5. எலுமிச்சைச் சாறு சுமார் 2, அதாவது மிகக் கடுமையான அமிலம். சோடா கரைசல் 8-ஐத் தாண்டும், அதாவது காரம். ஒன்று சருமத்தை எரிக்கும். மற்றது அதன் பாதுகாப்புப் படலத்தைக் குலைக்கும். எலுமிச்சை தடவிய முகத்தோடு வெயிலில் போனால் கொப்புளமும் கருந்திட்டும் வரலாம்.

சர்க்கரை, உப்பு, காபித்தூள் ஸ்க்ரப்: இவற்றின் கூர்மையான ஓரங்கள் சருமத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். அருகில் பரு இருந்தால் அது உடைந்து நிலைமை இன்னும் மோசமாகும்.

பற்பசை: பற்களுக்காகத் தயாரிக்கப்பட்டது. அதிலுள்ள நுரைப்பொருளும் மென்தாலும் முகச்சருமத்தில் எரிச்சலையும் சிலருக்கு அலர்ஜியையும் தரும்.

ஒட்டிப் பிய்க்கும் மாஸ்க்: கரி மாஸ்க், டிஷ்யூ பேப்பரோடு முட்டை வெள்ளைக்கரு, சிலர் துணிந்து போடும் ஒட்டுப்பசை எல்லாம் ஒரே ரகம். பிய்க்கும்போது புள்ளிகளின் நுனியும், அதோடு பூனைமுடியும் சருமத்தின் மேல்படலமும் சேர்ந்து வரும். அடைப்பின் அடிப்பகுதி உள்ளேயே இருக்கும். கையில் தெரியும் ‘ரிசல்ட்’ பெரும்பாலும் மேலே சொன்ன எண்ணெய் இழைகள்தான்.

நகமும் சேஃப்டி பின்னும்: நகக்கண்ணில் இருக்கும் கிருமிகள் நேராகத் துவாரத்துக்குள் போகும். அழுத்தத்தில் அடைப்பு உள்ளேயே உடைந்தால், சாதுவாக இருந்த புள்ளி வலியுள்ள கட்டியாக மாறும். மூக்கின் மேற்பகுதிக்கும் வாயின் இரு ஓரங்களுக்கும் இடைப்பட்ட முக்கோணப் பகுதியில் உள்ள ரத்தக் குழாய்கள், மூளையின் அடிப்பகுதியில் உள்ள குழாய்களோடு தொடர்புடையவை. அங்கே தொற்று ஏற்பட்டு உள்ளே பரவுவது மிக அரிது. ஆனால், பரவினால் உயிருக்கே ஆபத்து.

அப்படியானால், பாட்டி வைத்தியம் எதுவுமே கூடாதா? அப்படி இல்லை. நைசாக அரைத்துச் சலித்த பயத்த மாவைக் குழைத்து, தேய்க்காமல் பூசி உடனே கழுவுவதில் தவறில்லை. முல்தானி மட்டி மேலே உள்ள எண்ணெயை உறிஞ்சும். எண்ணெய்ச் சருமத்தினர் வாரம் ஒருமுறை போடலாம். அது காய்ந்து வெடிக்கும் முன்பே, ஈரம் இருக்கும்போதே கழுவிவிட வேண்டும். இவை முகத்தைப் பளிச்சென்று வைக்கும். உள்ளே இருக்கும் அடைப்பைக் கரைக்காது. அந்த எதிர்பார்ப்பு மட்டும் வேண்டாம்.

கரைப்பதற்கு ஒரு வழி இருக்கிறது

பிய்ப்பதற்குப் பதில் மெல்லக் கரைப்பதே பாதுகாப்பான முறை. இதற்குக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பொருள் சாலிசிலிக் ஆசிட். பெயரில் ஆசிட் என்று இருப்பதால் பயப்பட வேண்டாம். இது எண்ணெயில் கலக்கும் தன்மை கொண்டது. அதனால், எண்ணெய் அடைத்திருக்கும் துவாரத்துக்குள் இறங்கி, ஒட்டிக்கொண்டிருக்கும் செல்களின் பிடியைத் தளர்த்தும். வீட்டு உபயோகத்துக்கு 0.5 முதல் 2 சதவிகிதம் வரை உள்ள தயாரிப்பு போதும். சதவிகிதம் கூடினால் சீக்கிரம் போகும் என்று எண்ணி, சலூன்களில் ‘பீல்’ செய்யப் பயன்படும் 20, 30 சதவிகிதக் கரைசல்களை ஆன்லைனில் வாங்கி வீட்டில் போடவே கூடாது. முகம் வெந்துபோகும்.

முதலில் சோதனை. காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உட்பக்கமோ ஒரு சொட்டு தடவி, இரண்டு நாட்கள் பாருங்கள். அரிப்பு, தடிப்பு இல்லையென்றால் தொடங்கலாம்.

காலையில்: நுரை குறைவான, மென்மையான ஃபேஸ்வாஷால் விரல்நுனி மட்டும் படுமாறு முகம் கழுவுங்கள். குளியல் சோப் வேண்டாம்; பெரும்பாலானவை காரத்தன்மை கொண்டவை. டவலால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். எண்ணெய்ப்பசை இல்லாத ஜெல் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். அதன்மேல் எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேலுள்ள சன்ஸ்கிரீன். மேகமூட்டமான நாளிலும் இது வேண்டும். கருந்தழும்பு இருப்பவர்களுக்கு இதைத் தவிர்த்துவிட்டு வேறு எதைப் போட்டும் முழுப் பலன் கிடைக்காது.

இரவில்: அதே ஃபேஸ்வாஷ். முகம் நன்றாக உலர்ந்ததும், சாலிசிலிக் ஆசிட்டை மூக்கு, தாடை, நெற்றி என்று புள்ளிகள் உள்ள பகுதியில் மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள். கண்ணோரம், உதட்டோரம் வேண்டாம். பத்து நிமிடம் கழித்து மாய்ஸ்சரைசர்.

முதல் இரண்டு வாரங்கள், வாரத்தில் இரண்டு இரவுகள் மட்டும் போதும். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். சருமம் ஏற்றுக்கொண்டால் தினமும். தோல் உரிந்தாலோ எரிந்தாலோ சில நாட்கள் நிறுத்திவிட்டு, எரிச்சல் முழுக்க அடங்கிய பிறகு இடைவெளியைக் கூட்டித் தொடங்கலாம்.

எப்போது பலன் தெரியும்? இளம் வயதில் சருமத்தின் மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய நான்கு வாரங்கள் ஆகும். ஆகவே, குறைந்தது ஆறு முதல் எட்டு வாரங்கள் பொறுக்க வேண்டும். அடுத்த வாரம் கல்யாணம், ரிசப்ஷன் என்றால் இதை அப்போது தொடங்காதீர்கள். விசேஷத்துக்கு முந்தைய வாரம், முகத்தில் எந்தப் புதுப்பொருளையும் போட்டுப் பார்க்கும் வாரம் அல்ல.

ஆஸ்பிரின் அலர்ஜி உள்ளவர்கள் சாலிசிலிக் ஆசிட்டைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டே பயன்படுத்த வேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு நீங்களாக எதையும் தடவ வேண்டாம்.

ஆவி பிடிக்கலாமா... பிதுக்கலாமா?

‘ஆவி பிடித்தால் துவாரம் திறக்கும், குளிர்ந்த நீர் பட்டால் மூடிக்கொள்ளும்’ என்று சொல்லப்படுவது உண்மையல்ல. துவாரத்துக்குக் கதவும் இல்லை, திறந்து மூடும் தசையும் இல்லை. வெதுவெதுப்பும் ஈரமும் அடைப்பைச் சற்று இளக்கும், அவ்வளவுதான். இதற்குக் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் போர்வை போர்த்திக் குனிய வேண்டியதில்லை. பாத்திரம் கவிழ்ந்து ஏற்படும் தீக்காயங்கள் மிகக் கொடுமையானவை. குழந்தைகள் உள்ள வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். சுத்தமான பருத்தித் துணியைக் கை பொறுக்கும் சூட்டில் உள்ள நீரில் நனைத்துப் பிழிந்து, மூக்கின் மேல் ஐந்து நிமிடம் வைத்தாலே போதும்.

பிதுக்காமல் விடுவதுதான் நல்லது. சில வாரங்கள் சாலிசிலிக் ஆசிட் போட்டு இளகிய பிறகும் ஒரு பெரிய புள்ளி மட்டும் பிடிவாதமாக இருக்கிறது என்றால், தோல் மருத்துவரிடம் எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. அப்படியும் வீட்டில்தான் என்று முடிவு செய்பவர்கள், குறைந்தபட்சம் இந்த எல்லைகளைத் தாண்டாதீர்கள்:

வாய் திறந்த கரும்புள்ளியை மட்டுமே தொடலாம். வெண்புள்ளி, சிவந்த பரு, சீழ் வைத்தது எதையும் தொடக் கூடாது.

கை, கருவி இரண்டும் சுத்தமாக இருக்க வேண்டும். வளையம் உள்ள எக்ஸ்ட்ராக்டரை 70 சதவிகித ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து உலரவிட வேண்டும். அதன் கூர்முனையைப் பயன்படுத்தவே கூடாது.

வளையத்தின் நடுவில் புள்ளி வருமாறு வைத்து, நேராகக் கீழ்நோக்கி லேசாக அழுத்த வேண்டும். இரண்டு முறை அழுத்தியும் வரவில்லையென்றால் அன்று அது வராது. விட்டுவிடுங்கள். ரத்தம் எட்டிப் பார்த்தால் எல்லை மீறிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஒரே கருவியை அக்காவும் தங்கையும் பகிர்ந்துகொள்ளக் கூடாது. பார்லருக்குப் போகிறவர்களும் கருவியை உங்கள் கண்முன் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் தேவையில்லை.

தலையிலிருந்து இறங்கும் எண்ணெய்

முகத்துக்கு எவ்வளவு செய்தாலும் நெற்றியில் மட்டும் புள்ளிகள் திரும்பத் திரும்ப வருகிறதா? தலையைக் கவனியுங்கள். தலைக்கு எண்ணெய் வைப்பது நம் வழக்கம். அந்த எண்ணெய் வெயிலிலும் வியர்வையிலும் நெற்றிக்கு இறங்கும், துவாரங்களை அடைக்கும். முடிக்குப் பூசும் பொருட்களால் நெற்றியில் வரும் இந்தப் பிரச்னைக்கு மருத்துவத்தில் ‘பொமேட் ஆக்னி’ என்று தனிப் பெயரே உண்டு.

எண்ணெயே வைக்கக் கூடாது என்பதல்ல. நெற்றியோர முடியை விட்டுவிட்டு வையுங்கள். இரவு முழுக்க ஊறவிடாமல், குளிப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வைத்து அலசிவிடுங்கள். கண்டிஷனரை அலசிய பிறகு முகத்தை இன்னொரு முறை கழுவுங்கள். முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் பூசும் வழக்கம் இருந்தால், கரும்புள்ளி உள்ளவர்கள் அதை நிறுத்துவது நல்லது. தலையணை உறையை வாரம் ஒருமுறையாவது மாற்றுங்கள். ஹெல்மெட்டின் உள்பஞ்சையும், கன்னத்தில் ஒட்டி வைத்துப் பேசும் போனையும் அவ்வப்போது துடையுங்கள்.

‘வெள்ளையாக்கும்’ கிரீம் வேண்டாம்

கரும்புள்ளியோடு வருபவர்களிடம் ‘இதைப் போடுங்க, மூணே நாள்ல முகம் பளிச்சுனு ஆயிடும்’ என்று சில கடைகளில் டியூப் ஒன்றைத் தருவார்கள். மூன்று நாளில் நிஜமாகவே பளிச்சென்று ஆகும். ஏனென்றால், அதில் இருப்பது ஸ்டீராய்டாக இருக்கலாம். தொடர்ந்து போடும்போது சருமம் மெலிந்து, ரத்தக் குழாய்கள் தெரிய ஆரம்பிக்கும். பருக்கள் கொத்தாக வரும். முகத்தில் முடி வளரும். நிறுத்தினாலோ முகம் சிவந்து எரியும். அதற்குப் பயந்து மறுபடி அதையே போடுவார்கள். இப்படிச் சிக்கிக்கொண்டவர்கள் இந்தியாவில் ஏராளம் என்பதால், நம் தோல் மருத்துவர்கள் இதை ‘ஸ்டீராய்டால் சேதமடைந்த முகம்’ என்று தனிப் பிரச்னையாகவே பார்க்கிறார்கள். 2018-ல் பல ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவிட்டதும் இதனால்தான்.

டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்ற பெயர்களில் எது இருந்தாலும் அதைக் கரும்புள்ளிக்குப் போடாதீர்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால், திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். எப்படிப் படிப்படியாக விடுவது என்று அவர் சொல்வார்.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும்?

எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் முறையாகச் செய்தும் மாற்றம் இல்லையென்றால் போகலாம். அடாபலீன் போன்ற ரெட்டினாய்டு ஜெல்களை டாக்டர் தருவார். இவை அடைப்பு உருவாவதையே தடுப்பவை. கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் ரெட்டினாய்டுகள் கூடாது.

கரும்புள்ளிகளோடு வலியுள்ள கட்டிகள் வந்தாலும், பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது, தாடையில் முடி வளர்வது ஆகியவை சேர்ந்திருந்தாலும் தாமதிக்க வேண்டாம். பி.சி.ஓ.எஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். அக்குளிலோ தொடை இடுக்கிலோ இரட்டைத் தலை கொண்ட கரும்புள்ளிகளும், திரும்பத் திரும்ப வரும் கட்டிகளும் இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம், வெட்கப்படாமல் காட்டுங்கள்.

வீட்டில் உள்ள தாத்தா பாட்டிகளையும் கவனியுங்கள். பல வருடங்கள் வெயிலில் உழைத்தவர்களுக்குக் கண்ணைச் சுற்றிப் பெரிய கரும்புள்ளிகள் வருவதுண்டு. அதைப் பேரப்பிள்ளைகள் ஆர்வத்தில் பிதுக்க வேண்டாம். வயதானவர்களுக்குப் புதிதாக வந்த கறுப்புப் புள்ளி பெரிதானாலோ, ரத்தம் கசிந்தாலோ, ஆறாமல் இருந்தாலோ அதைக் கரும்புள்ளி என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

சாக்லேட், எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் கரும்புள்ளி வருமா?

சாப்பிடும் எண்ணெய் அப்படியே முகத்துக்கு வருவதில்லை. இனிப்பு, மைதா, பால் பொருட்கள் அதிகம் சேர்ப்பது சிலருக்குப் பருவைக் கூட்டலாம். ‘நீ முறுக்கு தின்றதால்தான்’ என்று பிள்ளையைத் திட்டுவதற்கு அது காரணமாகாது.

ஒருமுறை போய்விட்டால் திரும்ப வராதா?

சுரப்பி இருக்கும் வரை எண்ணெய் சுரக்கும், அடைப்பும் வரலாம். குறைந்த பிறகு வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் என்று தொடர்வதே வழி. பல் துலக்குவதைப்போல இதுவும் ஒரு பழக்கம்.

கைக்குழந்தையின் கன்னத்தில் புள்ளிகள் வந்தால்?

பிறந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ சில குழந்தைகளுக்கு இப்படி வருவதுண்டு. பிதுக்குவதோ, எண்ணெய் தேய்ப்பதோ, பயத்த மாவு போடுவதோ வேண்டாம். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அதிகமாக இருந்தால் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

பையன்களுக்கும் இதே முறைதானா?

ஆமாம். சொல்லப்போனால் ஆண்களுக்கு எண்ணெய்ச் சுரப்பு இன்னும் அதிகம். ஷேவ் செய்த அன்று இரவு மட்டும் சாலிசிலிக் ஆசிட் போடாமல் விட்டுவிட்டால் எரிச்சல் இருக்காது.

செலவு என்று பார்த்தால் ஒரு ஃபேஸ்வாஷ், ஒரு சாலிசிலிக் ஆசிட், ஒரு மாய்ஸ்சரைசர், ஒரு சன்ஸ்கிரீன். இந்த நான்குக்கு மேல் ஐந்தாவதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. இன்று இரவு காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துச் சோதித்துப் பாருங்கள். இரண்டு மாதங்களுக்குப் பிறகு கண்ணாடி பாருங்கள். நடுவில் உருப்பெருக்கும் கண்ணாடியைப் பீரோவுக்குள் வைத்துவிடுவது நல்லது. ஒரு கை தூரத்தில் நின்று பார்க்கும் யாருக்கும் உங்கள் மூக்கின் மேல் இருக்கும் அந்தப் புள்ளிகள் தெரிவதே இல்லை.